நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்

எழுபதுகளின் நடுவில் என் அண்ணனுக்கு ஒரே ஆசைதான், சீருடை. எந்தப் படை என்பது இங்கே வேண்டாம். முதல் முறை வேலூருக்கு ஆளெடுப்புக்குப் போனபோது ஐந்தடி ஆறங்குலம் கேட்டார்கள். அவன் மயிரிழை கூடாமல் குறையாமல் அவ்வளவுதான். உயரத்தில் தேறி, கயிறு ஏறுவதில் தோற்றுத் திரும்பினான்.

அடுத்த ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து மலையைச் சுற்றி ஓடினான். புளியமரத்தில் கயிறு கட்டி ஏறினான். உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். வயது வரம்பின்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

புது அறிவிப்பு வந்தது. வீட்டில் பேப்பர் படிப்பவள் நான்தான். பள்ளியில் கணக்கில் முதல் மாணவி வேறு.

"ஒயரம் நூத்தி அறுபத்தெட்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்குண்ணா. இன்னொரு பிரிவுக்கு நூத்தி அறுபத்தஞ்சு போதுமாம். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் மனு போடலாம்."

"நூத்தி அறுபத்தெட்டுன்னா அஞ்சடி ஆறங்குலந்தானே?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "ஆமா, அதேதான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

உட்கார்ந்தால் உயரம் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக் கடலை மூட்டை ஏற்றிப்போன வேனில், மூட்டைகளின் மேல் நீட்டிப் படுத்தபடியே வேலூர் போனான்.

மாலையே திரும்பிவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அரை சென்டிமீட்டர் கம்மின்னுட்டான். அஞ்சடி ஆறங்குலம் சார், போன வருசம் அளந்தீங்களேன்னு கேட்டேன். இப்ப அந்தக் கணக்கெல்லாம் இல்லப்பான்றான். வேணும்னே அளவ மாத்திட்டான். வேற எவனுக்கோ அந்த எடம்."

கயிறு வரைக்கும் அவனை விடவேயில்லை.

அன்று நோட்டின் பின்பக்கத்தில் அறுபத்தாறு அங்குலத்தை இரண்டு புள்ளி ஐந்து நான்கால் பெருக்கினேன். நூற்று அறுபத்தேழு புள்ளி ஆறு நான்கு. யாரும் ஏமாற்றவில்லை. எழுதும்போது முழு எண்ணாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பே பெருக்கியிருந்தால் இன்னொரு பிரிவுக்கு மனுப் போட்டிருப்பான். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அண்ணன் ஓடுவதை நிறுத்தினான். மண்டியில் மூட்டை தூக்கப் போனான். சில வருடங்களில் முதுகு வளைந்துவிட்டது. தன்னை அளந்தவனை நாள் தவறாமல் திட்டுவான். நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், என் கல்யாணத்துக்கு முதல் நாள், தாங்க முடியாமல் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பந்தல்காலில் சாய்ந்துகொண்டான்.

"அவன் ஏமாத்திட்டான்னு நெனச்சிட்டிருந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. அதையும் ஏன் எடுத்துக்கினே?"

அதற்குப் பிறகு அவன் யாரையும் திட்டியதில்லை. என்னோடும் பேசியதில்லை.