கண்ணிமை வரை தெளிவு

சென்ற ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஓடுகிறவர்களைப் படம் எடுக்க என் கேமரா போதுமா என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறேன். "நாடியைக் கொஞ்சம் தூக்குங்க" என்பதைத் தவிர நாள் முழுக்க அதிகம் பேச்சில்லை. கணவர் கத்தாரில். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாடகை அறையில் என் குரலே எனக்குக் கேட்காது. அந்த வெறுமைக்குத்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். விற்ற முஸ்லிம் கடைக்கார நானா அப்போதே சொன்னார்: "தங்கச்சி, இது கலியாண வீட்டுக்கு நல்லம். ஓட்டத்துக்குச் சரிவராது." எனக்கு ரோஷமாகிவிட்டது.

முடிவுக் கோட்டருகே பெரிய லென்ஸுகளோடு மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. தேயிலை மலையை ஒட்டிய தூரத்து வளைவுக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓடியவரின் முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆள் கடந்துவிடுவார். தொடர்ந்து ஏழெட்டுப் படம் அமுக்கினால் கேமரா திணறி நின்றுவிடும். மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் வேறு. வெளிச்சம் குறைந்ததும் படத்தில் கைகால்கள் எல்லாம் புகையாகக் கரைந்தன.

கடைசியாகப் பெண்களின் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். சின்ன மைதானம், ஏழு சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். எல்லோருக்கும் பின்னால் ஒல்லியான ஒரு பெண் வெறுங்காலோடு வந்தாள். இருபது வயதிருக்கும். அவளையே குறிவைத்தேன். ஐந்தாவது சுற்றில், என் வளைவில் அவள் வேகம் குறைந்தது. கேமராவுக்குள் அவள் முகம் நிலையாக நின்றது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். உடனே குனிந்து திரையைப் பார்த்தேன். கண்ணிமை வரை தெளிவு! மாதக்கணக்கில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

"அக்கா! படத்த அப்புறம் பாருங்க, இங்க வாங்க!"

நிமிர்ந்தேன். பத்தடி தூரத்தில் அந்தப் பெண் விழுந்து கிடந்தாள். என்னைக் கூப்பிட்டது, அவளை ஒரு சுற்று முந்தி வந்துகொண்டிருந்த இன்னொருத்தி. ஓட்டத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தவள். நின்று, மண்டியிட்டு, விழுந்தவளின் தலையை மடியில் வைத்திருந்தாள். மற்றவர்கள் எங்களைக் கடந்து ஓடினார்கள்.

ஓடிப்போய் என் போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்தேன். மெல்லக் கண் திறந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். என் பையிலிருந்த பணிஸைக் கொடுத்தேன். "மெடல் போயிருச்சே" என்றேன் மற்றவளிடம். "அதுக்கென்னக்கா, அடுத்த தடவ ஓடிக்கலாம்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விழுந்தவள் பணிஸைத் தின்றுகொண்டே கேட்டாள்: "நான் ஓடுறத எடுத்தீங்களாக்கா? நான் ஓடுற படம் எங்கிட்ட ஒன்னுகூட இல்ல."

தேடினேன். ஓடிய படங்கள் எல்லாம் வெறும் புகை. தெளிவாக இருந்தவை அவள் தள்ளாடிய நேரத்துப் படங்கள் மட்டும். முழங்கால் மடிந்து, கை எதையோ பிடிக்க நீண்டிருந்தது. அவள் நேராக என்னைத்தான் பார்த்திருந்தாள். அந்த வளைவில் வேறு யாரும் இல்லையே.

"சரியா வரல தங்கச்சி" என்றேன்.

"பரவால்லக்கா, வெளிச்சம் இல்லதானே" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கணவர் அழைத்தார். "கேமரா சரிவந்துச்சா?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

இப்போதும் போட்டிகளுக்குப் போகிறேன். கடைசியாக வருகிறவர் முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை திரையைப் பார்ப்பதில்லை. எனக்கென்று யாருமில்லை என்று அத்தனை நாளும் நொந்துகொண்டிருந்தவள் நான். ஆனால் என்னை நம்பிக் கை நீட்டிய ஒருத்திக்கு யாருமில்லாமல் போன அந்த அரை நிமிடம், இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.