சாலமோன் தேடிய மேனிபோல்டு

ஆரணியில் சாலமோனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் அது வரும் சத்தம் கேட்டாலே, தெருவில் தறிக்கான பட்டுப்பாவு நூலை நீட்டியிருப்பவர்கள் "அண்ணே, அந்தப் பக்கமா சுத்திகினு போங்க" என்று தூரத்திலேயே கையைக் காட்டிவிடுவார்கள். புகை அப்படி.

இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் இரும்பு மேனிபோல்டு விரிசல் விட்டிருந்தது. பின்னால் போக வேண்டிய புகை வழியிலேயே கசிந்து, வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு வந்தது. சாலமோன் அதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்கிற ஆளில்லை. அவர் மனைவி சகாயமேரிக்கோ வீசிங். மழைக்காலத்தில் ஒருநாள் பாதி வழியில் இறங்கி மூச்சுத் திணறி நின்றவர், "இத சரி பண்ணாத்தான் இனிமே ஏறுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கணவர் ஜீப்பிலும் மனைவி ஷேர் ஆட்டோவிலுமாக ஒரே கோயிலுக்குப் போய்வந்தார்கள். ஊர் சிரித்தது.

சரி பண்ண முடியாத வேலையா என்றால், அதுவும் இல்லை. மெக்கானிக் கந்தசாமி மாற்றுச் சாமானைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பழைய இரும்ப உடுண்ணா. ரெண்டு வாட்டி வெல்டிங் வெச்சாச்சு, நிக்கல. இது பைப் ஹெடர். நாலு சிலிண்டருக்கும் தனித்தனி கொழா. புகை ஜல்தியா வெளிய பூடும். ஏரிக்கரைல ஏத்திப் பாரு, இன்னா இழுவ இழுக்கும் தெரியுமா!"

சாலமோன் அந்தக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இதும் மேல ஒண்ணும் வெக்க முடியாதே."

"மேனிபோல்டு மேல இன்னாத்த வெக்கப்போற?"

சாலமோன் குழாய்களை அவர் பக்கமே தள்ளிவிட்டார். என்னவென்று சொல்வார்?

ஒரு காலத்தில் அது மிஷன் ஆஸ்பத்திரி ஜீப். மருந்துப் பெட்டியும் நர்சுகளும் பின்னால் இருக்க, சாலமோன் அதை தேவிகாபுரத்துக்கும் பெரணமல்லூருக்கும், ரோடே போடாத ஊர்களுக்கும் ஓட்டிப்போவார். கமண்டல நாகநதி மணலில் மாட்டுவண்டி திணறுகிற இடத்தில் ஜீப் உறுமிக்கொண்டு ஏறும். அந்த மேனிபோல்டின் முதுகு தட்டையானது, ஒரு சோற்று டப்பா கச்சிதமாக உட்காரும். காலையில் டப்பாவை அதன்மேல் கம்பியால் கட்டிவிட்டால், மதியம் பானெட்டைத் திறக்கும்போது சோறு ஆவி பறக்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் சகாயமேரி ஒருநாள் தன் டப்பாவை நீட்டி, "இதையும் வெக்கறீங்களா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாலமோன் முறுக்க வேண்டிய கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரே கம்பியில் இரண்டு டப்பாவும் கட்டியிருப்பதை ஒருநாள் போதகர் பார்த்துவிட்டார். "இதுக்கு மேல கோயில்ல உங்க கல்யாண ஓலை வாசிக்காம இருக்கறது நல்லா இல்லப்பா" என்றார். அப்படித்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. பிறகு ஆஸ்பத்திரி ஜீப்பை ஏலம் விட்டபோது, வேறு யார் கைக்கும் போகவிடாமல் சாலமோனே எடுத்துவிட்டார்.

ஆகவே தட்டை முதுகுள்ள அதே பழைய இரும்புதான் வேண்டும் என்று பிடிவாதம். வேலூர், சென்னை என்று எங்கே பழைய சாமான் கடை இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். புதிதாக வார்த்தது ஒன்று கிடைத்தது, அதன் முதுகு கூன் விழுந்திருந்தது. இன்னொன்று துருப்பிடித்து அப்பளமாய் நொறுங்கியது. கடைசியில் அச்சு அசல் அதே மாதிரி ஒன்று கிடைத்துவிட, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்து கந்தசாமி முன்னால் இறக்கினார்.

கந்தசாமி ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று கேட்க வேண்டியது பொத்தென்று கேட்டது.

"இதுவும் விரிசல்ணா."

"வெல்டிங் வெய்யி."

"இன்னும் எத்தினி வாட்டிண்ணா?"

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில்தான் சகாயமேரி பட்டறைக்குள் நுழைந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆளைக் காணவில்லையே என்று தேடி வந்திருந்தார். கந்தசாமிக்கு ஒரு துணை கிடைத்தது.

"நீங்களே கேளுங்க நர்சம்மா. மேல வெக்க எடம் வேணுமாம். இன்னாத்த வெக்கன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. பேஜாரா போச்சு."

சகாயமேரி கணவரைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "சோத்து டப்பாவா?"

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கர்த்தரே! அந்த சூட்ல சோறு தீஞ்சி, ஆயில் நாத்தம் அடிக்கும். ஒரு நாள்கூட எனக்கு அது புடிச்சதில்லங்க."

"அப்ப ஏன் தெனமும் கொண்டாந்து குடுத்த?"

"பானெட்ட தொறந்துகினு நிப்பீங்க. உங்க கிட்ட வந்து நிக்க எனக்கு வேற இன்னா சாக்கு இருந்துச்சு?"

கந்தசாமி திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாத ஒரு நட்டைத் துடைக்க ஆரம்பித்தார். சகாயமேரியின் குரல் இறங்கியது.

"நீங்க இந்த இரும்ப தேடிகினு ஊர் ஊரா சுத்தின நாளெல்லாம் நான் வீட்ல ஒண்டியாத்தான் சாப்ட்டேன். அத ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

சாலமோன் நினைக்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டதைக் காப்பாற்றப் போனவர், கூட உட்கார்ந்து சாப்பிட்டவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெட்கத்தில் அவருக்கு முகம் சிவந்து கண் கலங்கியது.

"கந்தசாமி, பைப்பையே மாட்டு" என்றார். பிறகு மனைவியிடம், "நேரமாகும் மேரி. நீ வீட்டுக்குப் போ, நான் வந்துடறேன்" என்றார்.

சகாயமேரி ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும். உங்க கூடதான் வருவேன்."