கல்யாணம் ஏறிய வேகம்

புதிதாக வாங்கிய கேபிளைக் கேமராவில் செருகினேன். நேற்று ஆம்பூரில் எடுத்த கல்யாண வீடியோ முழுவதும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. நம்ப முடியாமல் கேபிளைத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

அப்பாவின் ஸ்டுடியோவிலும் இப்படித்தான் டேப் மெஷின் சூடாகும். டேப் திரையில் ஓடி ஓடித்தான் அப்போது கம்ப்யூட்டரில் ஏறும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பின் வாடையோடு சூடான பிளாஸ்டிக் வாடையும் அறையில் நிற்கும்.

அப்படி ஒருநாள் டேப் ஓடும்போது ஒரு மணப்பெண்ணின் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஷூ கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். மகள் புருஷன் வீட்டுக்குக் கார் ஏறும் இடம் வந்தது. திரையில் அவர் அழுதார். அதே நேரம் எங்கள் பெஞ்சிலும் அழுதார்.

அப்பா தயங்கினார். "நிறுத்தி வெக்கட்டாம்மா?"

"வாணாம்ப்பா. எம்பொண்ணு அங்க போயி எறங்கட்டும்."

இன்று நேற்றைய மணப்பெண்ணின் அம்மா, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏறிடுச்சும்மா."

அவர் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்களா?"