வலிக்கு அவள் சொன்ன எண்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் என் மனைவிக்கு இடது விலாவில் அக்கி வந்தது. அல்சூரில் ஒருவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்டோம். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. எரிச்சல் உள்ளேயே தங்கிவிட்டது. துணி பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் இருக்கிறது என்பாள். ரவிக்கையை விட்டுவிட்டு என் பழைய சட்டையின் மேல் புடவை கட்டினாள். முந்தானையை இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருப்பாள். அவள் தங்கை மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ரவிக்கை போட்டு நாலு பேர் நடுவில் உட்கார வேண்டும் என்பதே அவள் ஆசை.

மாத்திரைகளுக்கு வலி மசியவில்லை. பிரேசர் டவுன் பக்கம் ஒரு மருத்துவமனையில், வலிப் பிரிவின் இளம் டாக்டரம்மா புதிதாக ஒன்றைச் சொன்னார். பெப்டைட் என்னும், புரதத்தின் சிறு துண்டுகளால் ஆன இரண்டு மருந்துகள். இரண்டும் ஆராய்ச்சியில் இருப்பவை. சில வாரம் ஒன்று, இடைவெளி, பிறகு மற்றொன்று. எது எந்த மருந்து என்று போடுகிறவருக்கும் தெரியாது. வாராவாரம் வலிக்குப் பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

விலகலாம் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்வானேன் என்று எனக்குத் தோன்றியது. ஊசிக்குக் காசு வேண்டாம் என்றதும் சந்தேகம் கூடியது.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மைத்துனன் சிரித்தான். "மாமா, ஃப்ரீன்னா ஃபினாயில் குடுத்தாலும் வரிசையில நிப்பீங்க போல."

"எரியுறது உனக்கா எனக்கா?" என்று அவன் அக்கா கேட்டாள்.

முதல் மருந்து தொடங்கியது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கேட்டேன், நர்ஸ் தரவில்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீராகவே இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எட்டில் தொடங்கிய மனைவி ஆறு என்றாள், பிறகு நாலு, பிறகு மூன்று. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

அன்று திரும்பும் பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. ஒவ்வொரு முறையும் அவள் விரல்கள் முந்தானையைத் தள்ளிப் பிடித்தன.

"மூணு வலிக்கா இப்படிப் பிடிக்கிற?"

"பஸ்ல கேக்குற கேள்வியாங்க இது?"

நான் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். இரண்டு பொருளை ஒப்பிட அளவுகோல் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அளவுகோல் என் மனைவியின் வாய். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்டேன்.

"கொறையலன்னு சொன்னா பேர அடிச்சிடுவாங்களாம். அப்புறம் ரெண்டாவது மருந்து யார் குடுப்பா? பெஞ்சில பக்கத்துல உக்கார்ற டீச்சரம்மாதான் சொன்னாங்க."

"அவங்க எவ்வளவு சொல்றாங்களாம்?"

"ரெண்டு. நானாவது மூணு சொல்றேன்."

ரேஷன் கார்டில் பெயர் அடிக்கப்படுவதைப் பார்த்துப் பழகியவர்கள். மருந்துக்கும் அதே பயம். நான் மருத்துவமனையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பொய் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

அடுத்த வாரம் டாக்டரம்மா, "இப்ப எவ்ளோம்மா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எட்டு."

"போன வாரம் மூணுன்னீங்களே?"

"அப்பவும் எட்டுதாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "யார் பேரையும் அடிக்க மாட்டோம்மா. கேக்கலன்னு நீங்க சொன்னாதானே எந்த மருந்து கேக்குதுன்னு தெரியும்?" முன்பு சொன்ன எண்களுக்கு எதிரே திருத்தம் எழுதிக்கொண்டார். அப்படியும் இரண்டாவது மருந்து வருமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. வெளியே டீச்சரம்மாவிடம் மனைவி குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கைப்பையைத் திறந்து மூடினார்.

இடைவெளி முடிந்ததும் இரண்டாவது மருந்து வந்தது. அதுவும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. சில ஊசிகளுக்குப் பிறகு அவள் அஞ்சு என்றாள். எண்ணை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் விரல்களைப் பார்த்தபடி வந்தேன். அவை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தன. முந்தானை விலாவின் மேல் கிடந்தது. ஒரு பெரிய குலுக்கலில் நினைவு வந்தவள்போல் அதை இழுத்துப் பிடித்தாள், பிறகு மறுபடி மறந்தாள்.

அஞ்சு உண்மையாக இருக்கலாம்.

"கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் குடுக்கட்டுமாங்க?"

"குடு. இடது பக்கம் கொஞ்சம் லூசா வைக்கச் சொல்லு" என்றேன்.