பூச்சட்டியில் போட்ட அவரை

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விதை சேமிக்கக் கற்றுக்கொடுப்பது என் யோசனைதான். யாரும் செய்யச் சொல்லவில்லை. கடையில் வாங்கும் பாக்கெட் விதை பெரும்பாலும் ஒரு தடவைதான் ஒழுங்காகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த முறை என்ன வரும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட்டுத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நம்மவர்கள் போட்ட அவரையும் கத்தரியும் அப்படியல்ல. ஆனால் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. வீட்டில் இருக்கும் விதை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

பதினோரு போத்தல்கள் வந்தன. உள்ளே விதையைவிடச் சாம்பல்தான் அதிகம். வண்டு விழாமலிருக்க விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி வைப்பது எஸ்டேட்டு வழக்கம். எல்லாம் சாம்பலாக இருந்ததால் போத்தலில் பெயர்த்தாள் ஒட்டவில்லை. விதை மூலை என்று வகுப்பில் ஒதுக்கிய அலமாரியின் பலகையில் பெயர்களை ஒட்டினேன். அது என் தவறு; பெயரில்லாத போத்தல் பார்ப்பவருக்கு வெறும் சாம்பல் போத்தல்தான்.

ஒரு சிறுமி கொண்டுவந்தது கறுப்பு அவரை. ஒவ்வொரு விதைக்கும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. அவள் குடும்பம் லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது தோட்டம் போய்விட்டது. மிஞ்சியது அந்தப் போத்தல்தான்.

"சார், அம்மாகிட்ட இதான் இருக்கு. வேற யார் வீட்லயும் இல்லையாம். பத்திரம்லா."

பத்திரமாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் விதை மூலையைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் பள்ளியில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் சுத்தம் செய்யும் நாள். நான் புஞ்சாக் ஆலாமில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் அலமாரி பளபளவென்று இருந்தது. போத்தல்களைக் காணோம். வண்ணப்படம் போட்ட கடைப் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன.

"போத்தல்லாம் எங்க சார்?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"ஒரே சாம்பல் தம்பி. இது விதை மூலையா, விபூதிக் கடையான்னு பார்க்க வர்ற பெகாவாய் கேட்டா நான் என்ன சொல்றது? இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க."

என் அப்பா எஸ்டேட்டில் வேலை வாங்கும் மண்டோருக்கு முன்னால் குனிந்தே நின்றவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தக் குனிவு அவரோடு முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். "சரிங்க சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அதிகாரி வந்தார். பாக்கெட்டுகளைப் படம் எடுத்தார். பாரம்பரிய விதைகளைக் காப்பாற்றுகிறோமாம், பாராட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவருடைய கார் போனதும் அந்தச் சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், கேண்டீன் பின்னால கொட்டியிருக்காங்க."

அலமாரி கழுவிய தண்ணீரையும் அங்கேதான் ஊற்றியிருந்தார்கள். பிள்ளைகளும் நானும் குப்பையைக் கிளறினோம். கத்தரி, மிளகாய் விதைகள் சேற்றோடு சேறாகிவிட்டன. ஒன்பது அவரை விதைகள் மட்டும் கிடைத்தன, ஊறி உப்பிப் போய். ஊறிய விதையைத் திரும்பக் காயவைத்துச் சேமிக்க முடியாது. அன்றைக்கே மண்ணில் போடாவிட்டால் அழுகிவிடும். பள்ளி வேலியைச் சுற்றிக் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். நல்ல மண் இருந்தது ஒரே இடத்தில்தான். அதிகாரிக்காக வாங்கி வாசலில் வைத்த காகிதப்பூச் செடிச் சட்டிகளில்.

இரண்டு செடிகளைப் பிடுங்கிப் போட்டேன்.

"என்னய்யா செய்றீங்க? அது பள்ளிக்கூடத்துச் சொத்து," என்று தலைமையாசிரியர் ஓடிவந்தார்.

"விதையும் பள்ளிக்கூடத்த நம்பிக் குடுத்ததுதான் சார்."

"ஒரு அவரைக்கா இந்த ஆட்டம்? பாசார்ல ஒரு கிலோ வாங்கிக்குங்க."

"இது பாசார்ல கிடைக்காது சார். கிடைச்சிருந்தா நீங்க கொட்டினப்ப நான் பேசாம இருந்திருப்பேன்."

பேசாமல்தானே இருந்தேன். அதைச் சொல்லும்போதே எனக்கு உறைத்தது. விரலால் மண்ணைக் குத்தி ஒன்பதையும் போட்டேன்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஐந்தாம் நாள் நான்கு விதைகள் முளைத்தன.

சிறுமியின் அம்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முளைகளைக் குனிந்து பார்த்தார். "நான் எடுத்துட்டுப் போறேன் சார்."

"மாடியில வெயில் வருமாக்கா?"

"காரிடார்ல காலையில அடிக்கும். கம்பியப் புடிச்சி ஏறிக்கும். இங்க இருந்தா மறுபடி எவனாச்சும் பார்க்க வருவான்."

சட்டிகளைத் தூக்கி, ஒன்றை முன்கூடையில் வைத்தேன். மற்றதைச் சிறுமி மடியில் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை என்று அந்த அம்மா சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

விளக்கக் கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. அதற்கு முன்னால் மற்ற பத்து வீடுகளுக்குப் போய், அவர்கள் கொடுத்த விதை இனி இல்லை என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும்.