மணிக்கூண்டு தெரியும் இடம்

அந்தப் பழைய படத்தில் தெரு காலியாக இருக்கிறது. இடப்பக்கம் ஓடு வேய்ந்த கடைகள், தூரத்தில் ஒரு மணிக்கூண்டு, குடை பிடித்துப் போகும் ஒருவர். கேமராவை நடுத்தெருவில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் மகள் வரலாறு படிக்கிறாள். திருவனந்தபுரத்தின் பழைய புகைப்படங்களையும் ஊமைப் படத்துண்டுகளையும் தேடியெடுத்து, அன்று கேமரா நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு படம் எடுப்பாள். கடைசி வருடத்துக்கான வேலை. மாநிலங்கள் பிரிவதற்கு முன், என் அப்பா பிறந்தபோது, எங்கள் ஊருக்கும் அதுதான் தலைநகர். இப்போது இங்கே யாருக்கும் அந்த நினைப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால்தான் திருவனந்தபுரம்.

சனிக்கிழமைகளில் இரணியலில் ரயில் ஏறுவாள். நான் வீட்டில் பழைய படத்தைக் கணினியில் திறந்து வைத்திருப்பேன். அங்கிருந்து போனில் மாதிரிப் படம் ஒன்று அனுப்புவாள். இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எத்தனை எட்டு நகர வேண்டுமென்று நான் சொல்வேன். இயர்போனில் கேட்டுக்கொண்டே நகருவாள்; இடம் சரியானதும் கேமராவில் எடுப்பாள். அலுவலகத்தில் நில அளவை வரைபடம் போடுபவள் நான். கோடு தள்ளி விழுந்தால் எனக்குப் பொறுக்காது.

அதே தெருவை எடுத்த படத்துண்டு ஒன்றும் இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து அரிசி மூட்டைகளோடு மாட்டு வண்டிகள் வரிசையாக வருகின்றன. முதல் வண்டிக்காரர் கேமராவைப் பார்த்துக் கையை வீசி ஏதோ சொல்கிறார். சத்தம் கிடையாது.

"நம்ம ஊர்க்காரருதான். ஏலே, மாறி நில்லுலேங்காரு" என்றாள் மகள். இருவரும் சிரித்தோம்.

அந்தத் தெருவுக்குப் போன அன்று அவள் அனுப்பிய படத்தில் கடைகளின் கூரை மணிக்கூண்டைப் பாதி மறைத்தது.

"கூண்டு முழுசாத் தெரியல மக்ளே. வலப்பக்கம் நீங்கு."

"எவ்வளவும்மா?"

"நாலு எட்டு வை."

அவள் எண்ணுவது கேட்டது. நாலு வந்தது. பிறகு ஒரு சத்தம். பிறகு யாரோ மலையாளத்தில் கத்தினார்கள்.

மோதியது மோட்டார் சைக்கிள். இடது காலில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. புருவத்தில் தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் கேட்டார், "யாரு அவள நடுரோட்டுல போய் நிக்கச் சொன்னது?"

ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் பதில் சொன்னேன்.

எதுவும் நினைவில்லை என்று மகள் எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும்தான். அதை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சமைத்தேன், அலுவலகம் போனேன். வரைபடத்தில் ஒரு கோடும் தள்ளி விழவில்லை. எனக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் மட்டும் அது கடந்து போகும்வரை எழுந்து நிற்பேன்.

போன வாரம் அவள் கேமராவின் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்தில் மணிக்கூண்டு முழுதாகத் தெரிந்தது. பழைய படத்தில் இருக்கும் அதே இடம், அதே அளவு. ஒரு மயிரிழை விலகலில்லை.

கணினியை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"மக்ளே, நாலு எட்டுன்னு நான்தான் சொன்னேன்."

அவள் தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டாள். "தெரியும்மா."

"நினைவில்லேன்னு சொன்னியே?"

"யாரு நிக்கச் சொன்னதுன்னு அப்பா கேட்டாருல்லா, அதான். நீ ரோட்டப் பாக்கல, நானும் பாக்கல. ரெண்டு பேரும் கூண்டத்தான் பாத்தோம்." கணினியை எட்டிப் பார்த்து, "படம் சரியா விழுந்திருக்கா?" என்றாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் ஆறு இடம் பாக்கி உண்டு. கால் சரியானதும் போவேன்."

"போவாண்டாம்" என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"நானும் வாறேன்" என்றேன். "நீ கூண்டப் பாரு. நான் ரோட்டப் பாக்கேன்."

அன்றிரவு சாப்பிடும்போது, அவளை அங்கே நிற்கச் சொன்னது யார் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. மகள் தண்ணீர் கேட்டாள். எழுந்து போய் எடுத்து வந்தேன்.