மூடிய புகார்களும் ஒரு கீரைப் பாத்தியும்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதினால் எது முன்னே எது பின்னே என்று குழம்பிவிடும்.

1. ஆவணியில் முதல் பெரிய மழை பெய்தது. எங்கள் அடுக்ககத்தின் மதிலுக்கு வெளியே இருக்கும் குட்டையில் தவளைகள் கத்தின. அலுவலக அழைப்பில் பேச முடியவில்லை என்று புகார் வந்தது. தவளைகள் ஒதுங்கும் கோரையையும் சம்பையும் கரை முழுக்க வெட்டினார்கள்.

2. ஒதுங்க இடமில்லாமல் ஒரு சாரைப்பாம்பு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தது. புகார். பாம்பு பிடிப்பவர் நான்கு நாள் வந்தார். சாரை, தண்ணீர்ப்பாம்பு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போனார்.

3. கரையிலிருந்த கருவேல மரத்தில் அடையும் கொக்குகளும் மடையான்களும் கார்களின் மேல் எச்சமிட்டன. புகார். கிளைகளை மொட்டையடித்தார்கள்.

4. கொசு. புகார். குட்டையிலும் கரையிலும் மருந்து தெளித்தார்கள். மறுநாள் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

5. மூன்று வாரம் கொசு இல்லை. நான்காவது வாரம் முன்பைவிட அதிகமாக வந்தது. மறுபடி தெளித்தார்கள்.

6. எலி வந்தது. ஒன்றிரண்டு அல்ல.

7. குட்டையின் மறு கரையில் இருக்கும் கீரைப் பாத்தியில் இலை மிஞ்சவில்லை.

இவற்றில் முதல் ஆறும் புகார்களாக என் அட்டவணையில் இருந்தன. ஏழாவது இல்லை. பாத்திக்குச் சொந்தக்காரர் எங்கள் வாட்ஸப் குழுவில் இல்லை.

அட்டவணை என்னுடையது என்று சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. கள்ளிக்குப்பத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம், சங்கத்துச் செயலாளர் என்னிடம், "நீங்க டெஸ்டிங்லதானே இருக்கீங்க? நம்ம புகாரை எல்லாம் ஒழுங்கா ஒரு ஷீட்ல போட்டுக் குடுங்களேன்" என்று கேட்டார். அவரும் மென்பொருள் வேலைதான். ஒரே இரவில் போட்டுக் கொடுத்தேன். வரிசை எண், புகார், எந்த பிளாக், எவ்வளவு அவசரம், யார் பொறுப்பு, நிலை. புகார் தீர்ந்தால் அந்த வரி தானாகப் பச்சையாகும். ஒவ்வொரு வரியும் பச்சையாக மாறும்போது குழுவில் கைதட்டும் பொம்மைகள் வரும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் சோற்றுக்குச் செய்யும் வேலை என்ன தெரியுமா? மண்ணூர்பேட்டைப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில், ஒருவர் ஒரு கோளாறைச் சரிசெய்தால், அதைச் சரிசெய்ததால் வேறு எங்காவது ஏதாவது உடைந்ததா என்று பார்ப்பது. நாள் முழுக்க அதே வேலை. அதைப் பார்க்காமல் ஒரு கோளாறை மூடினால் என் மேலாளர் என்னைச் சும்மா விடமாட்டார். அப்படிப்பட்ட நான், ஒரு குட்டையை ஆறு வரிகளாக வெட்டி, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மூடவிட்டேன். "இதை எடுத்தால் எது உடையும்" என்று ஒரு கட்டம் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

உடைந்தது எது என்று கீரைக்கார அக்காதான் காட்டினார்.

தினமும் காலை ஆறரைக்கு எங்கள் கேட்டுக்கு வெளியே கூடையோடு நிற்பவர். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. கணவர் வழியில் வந்த நிலம். அந்தத் தெருவில் மற்ற எல்லா நிலமும் வீடாகிவிட்டது, எங்கள் அடுக்ககம் நிற்பதும் கணவர் குடும்பம் விற்றதில்தான். ஒருநாள் வெறுங்கூடையோடு நின்றார்.

"இன்னா பாப்பா, உங்க ஊட்ல கொசு போச்சா?"

"இல்லக்கா. இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. கீரை இல்லையா?"

"கீரையா? வா, வந்து பாரு."

குட்டையைச் சுற்றிக்கொண்டு போனோம். பாத்தியில் செடி நின்றது. இலை இல்லை. நரம்பு மட்டும் சல்லடைபோல் இருந்தது. ஒரு தண்டைத் தட்டினார். பச்சைப் புழுக்களும் வெட்டுக்கிளிகளும் உதிர்ந்தன. வரப்பு நெடுக வளை. முளைவிட்ட நாற்றை எலி வேரோடு கடித்துப் போட்டிருந்தது.

"மூணு வாட்டி விதைச்சேன். மூணும் போச்சி. முன்னாடி புழு வராதான்னா வரும். காலைல மடையான் வந்து வரப்புல குந்திகினு பொறுக்கிக்கும். மிச்சத்தத் தவள பாத்துக்கும். எலி வந்தா சார கீது. இப்ப ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் உங்க ஆளுங்க மூட்ட கட்டிகினு பூட்டாங்க."

"எலி எங்கிருந்துக்கா வருது?"

"உங்க ஃப்ளாட்டுலதான் குடியிருக்குது. என் பாத்திக்கு டிபனுக்கு வருது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் கொழுந்தனுங்க இன்னா சொல்றாங்க தெரியுமா? பொங்கல் வரைக்கும் பச்ச நின்னா பாத்தி. இல்லேன்னா மண்ணக் கொட்டி மட்டம் பண்ணி கார் நிறுத்த உட்டுடலாம்னு. உங்க சங்கத்துலயே கேட்டுகினு கீறாங்களாம்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் அட்டவணையில் பதினான்காவது வரி: கூடுதல் வண்டி நிறுத்துமிடம். பொறுப்பு: செயலாளர். நிலை: பேச்சுவார்த்தையில்.

அந்த ஞாயிறு முழுக்க ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். யார் யாரைத் தின்கிறார்கள் என்று. தலைப்பிரட்டை இரைக்காகக் கொசுப்புழுவோடு போட்டிபோடுகிறது, தட்டாம்பூச்சியின் குஞ்சு கொசுப்புழுவையே தின்கிறது. தட்டான் பறக்கும் முன் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்தான் வளர்கிறது. மருந்து தெளித்தால் மூன்றும் சாகும். மருந்தின் வீரியம் குறைந்ததும் கொசு பத்து நாளில் அடுத்த தலைமுறையோடு திரும்பி வரும். தட்டான் வராது. நான்காவது வாரம் கொசு ஏன் பெருகியது என்பதற்கு இவ்வளவுதான் விளக்கம். நாங்கள் கொசுவுக்குப் போட்டியும் இல்லாத, பகையும் இல்லாத ஒரு குளத்தைத் தயாரித்துக் கொடுத்திருந்தோம்.

புழுவுக்கு மூன்று அம்பு: தவளை, மடையான், கொக்கு. எலிக்கு இரண்டு: சாரை, கூகை ஆந்தை. எங்கள் வேலையில் இதைத்தான் பெரிய விஷயமாகப் பேசுவோம். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்படி வைத்திருக்க வேண்டும். குட்டை அப்படித்தான் வைத்திருந்தது. தவளையை மட்டும் இழந்திருந்தால் மடையான் தாங்கியிருக்கும். நாங்கள் இரண்டு மாதத்தில் தாங்குகிற எல்லாவற்றையும் வரிசைப்படி, அவசர வரிசைப்படி, எடுத்துவிட்டோம். அந்த வரிசையைப் போட்டதும் நான்தான்.

மிச்சமிருந்தது ஒரே ஓர் அம்பு. கூகை. அது எங்கள் லிஃப்ட் அறையின் மேல் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதுவும் ஒரு புகார். பன்னிரண்டாவது வரி: மொட்டை மாடியில் எலும்பும் மயிருமாக உருண்டைகள், அசிங்கம். போய்ப் பார்த்தேன். தின்றதில் செரிக்காததைக் கூகை கக்கிய உருண்டைகள்; ஒன்றைப் பிரித்தால் உள்ளே இரண்டு எலி மண்டையோடு.

மாதாந்தரக் கூட்டத்தின் முதல் பொருள் எலி. இருபத்தைந்து பேர் தரைத்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மதிலோரம் முழுக்க விஷக்கட்டி வைப்பது என்று செயலாளர் சொன்னார். நான் எழுந்து, வெள்ளைப் பலகையில் என் அம்புகளை வரைந்தேன். விஷம் தின்ற எலியைக் கூகை தின்னும், கூகையும் சாகும், பிறகு எலியைப் பிடிக்க ஒருவரும் இல்லை என்றேன். மருந்தையும் நிறுத்த வேண்டும், கரையில் கோரையை வளரவிட வேண்டும் என்றேன்.

"அப்போ பாம்புக்கு ஒரு காலண்டர் இன்வைட் அனுப்பிடலாமா மேடம்?" என்றார் பின் வரிசையில் ஒருவர். கூடம் சிரித்தது.

"அனுப்புங்க. உங்களுக்கு சி.சி. போட்டுடறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் முகம் சிரிக்கவில்லை.

செயலாளர் பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. "இதெல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட்ல நல்லா இருக்கும்மா. இங்க குழந்தைங்க இருக்காங்க. எலி ஓப்பன்ல இருக்கு, க்ளோஸ் பண்ணணும். அவ்வளவுதான். இதனால யாருக்கு நஷ்டம் சொல்லுங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே அக்காவை வரச் சொல்லியிருந்தேன். ஆதாரம் இல்லாமல் கோளாறைப் பதிவுசெய்யக் கூடாது என்பது என் பழக்கம். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி சொன்னதால் அவர் கூடத்தின் வாசற்படியில், கடித்த தண்டுகள் நிறைந்த கூடையோடு நின்றார்.

"அக்கா, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றேன்.

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். புழு, எலி, மூன்று விதைப்பு. கடைசியில், "உங்க ஆளு ரெண்டாவது வாட்டி மருந்து அடிக்கும்போது காத்து என் பக்கம் வீசிச்சி. பாத்தி மேல எல்லாம் படிஞ்சிது. வாசன தெரிஞ்சதும் அன்னிக்கி அறுத்தத குப்பைல கொட்டிட்டேன். ஆனா அவன் மொத வாட்டி அட்ச்சப்பவும் காத்து இப்டிதானாம், நான் ஊர்ல இல்ல. என் ஊட்டுக்காரருக்குத் தெரியாது. அவரு அறுத்துகினு வந்து இங்கதான் குட்த்தாரு. நீங்க அட்ச்சத நீங்களேதான் துன்னீங்க, சாரே" என்றார்.

சிரிப்பு நின்றது. பின் வரிசைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். யாரோ ஒரு அம்மா, "அந்த வாரம் எங்க வீட்ல அரைக்கீரை மசிச்சேனே" என்றார்.

அப்போது நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அம்பு சுற்றிக்கொண்டு வந்து எங்கள் தட்டிலேயே முடிகிறது. இதைவிட நன்றாக யாரால் வரைந்து காட்ட முடியும்? வாக்கெடுப்பு அங்கேயே, செல்போனிலேயே நடந்தது. பொங்கல் வரை மருந்து கிடையாது. விஷக்கட்டி கிடையாது, எலிக்கூண்டு மட்டும். பெரும்பான்மையில் நிறைவேறியது.

கூகைக்காக அல்ல, தவளைக்காக அல்ல, அக்காவின் மூன்று விதைப்புக்காகவும் அல்ல. அவர்கள் வயிற்றுக்காக. அதையாவது ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் மூச்சுவிடும் நேரத்தில் இரண்டாவது வாக்கெடுப்பு வந்தது. மருந்து பட்ட கீரையை விற்றவர் இனி கேட்டில் நிற்கக் கூடாது. அதுவும் பெரும்பான்மையில் நிறைவேறியது. மருந்தை வாங்கியவர் யார், தெளிக்கச் சொன்னவர் யார், எந்தக் காற்றில் தெளிக்கிறோம் என்று பக்கத்துப் பாத்திக்கு ஒரு வார்த்தை சொல்லாதவர் யார் என்று நான் கத்தினேன். நான் கத்தி அவர்கள் பார்த்ததில்லை. "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்" என்றார்கள்.

அக்கா வாசற்படியிலிருந்து இறங்கினார். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன்.

"நான்தான் உங்களைச் சொல்லச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்கக்கா."

"நீ கேட்ட, நான் உள்ளத சொன்னேன். பொய் சொல்லிகினு அங்க நின்னு கீரை விக்க சொல்றியா?" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "இன்னும் ஒரு வாட்டி விதைக்கறேன். அவங்க மருந்து அடிக்காம கீறாங்களான்னு நீ பாத்துக்க" என்றார்.

மறுநாள் காலை அட்டவணையைத் திறந்தபோது செயலாளரே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். இருபத்துமூன்றாவது. புகார்: கீரைக்காரர். அவசரம்: அதிகம். நிலை: முடிந்தது. வரி பச்சையாக மாறியிருந்தது. அந்தப் பச்சையை நான்தான் தேர்ந்தெடுத்தேன், ஒரு வருடத்துக்கு முன், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று.

அட்டவணையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டேன். ஒப்படைக்கும் முன் ஒரு கட்டம் சேர்த்தேன்: "இதை மூடினால் எது உடையும்?" ஒவ்வொரு வரிக்கும் எனக்குத் தெரிந்ததை நிரப்பினேன். இருபத்துமூன்றாவது வரிக்கும். மூன்றாம் நாள் அந்தக் கட்டத்தை யாரோ நீக்கியிருந்தார்கள்.

இப்போது மார்கழி. இன்றைய நிலையை எழுதுகிறேன்.

கரையில் கோரை முழங்கால் உயரம் வந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு தவளைச் சத்தம் கேட்டது, முன்பு போல இல்லை, தனித்தனியாக எண்ணக்கூடிய அளவில். பாம்பு எதுவும் திரும்பவில்லை. வெட்டிய கருவேலம் துளிர்த்திருக்கிறது, மடையான் ஒன்று மட்டும் வருகிறது. தட்டானை நான் இன்னும் பார்க்கவில்லை. கொசு இருக்கிறது. எலி குறைந்திருக்கிறது, போகவில்லை. லிஃப்ட் அறையின் கீழ் புதிய உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றை நானே கூட்டி அள்ளிவிடுகிறேன், யாரும் புகார் எழுதாதிருக்க.

நான்காவது விதைப்பு முளைத்துவிட்டது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் விடியும் முன் விளக்கு வைத்துப் புழுவைக் கையால் பொறுக்குகிறார்கள். சனி ஞாயிறுகளில் நானும் போகிறேன். மடையானும் தவளையும் சும்மா செய்துகொண்டிருந்த வேலையில் மூன்று பேருக்கு முதுகு ஒடிகிறது. பாத்தியில் பாதிக்குப் பச்சை நிற்கிறது. மீதிப் பாதி போய்விட்டது. பாதிப் பச்சை கணக்கில் சேருமா என்று கொழுந்தன்மார் இன்னும் சொல்லவில்லை.

பதினான்காவது வரி இன்னும் திறந்திருக்கிறது. பொங்கலுக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. கேட்டில் அக்காவுக்கு அனுமதி இல்லை.